ஒரு முறம் சருகும் ஊர்ப் புகையும்



வடசென்னை கத்திவாக்கத்தில் பொழுது விடிகிற நேரம். வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்தாயிற்று. பெருக்கிய குப்பை சுவரோரமாக ஒரு முறம் அளவு சேர்ந்திருக்கிறது. வேப்பஞ்சருகு, அதற்குள்ளே ஒரு பால் பாக்கெட், நேற்றிரவு சால்னா கட்டி வந்த கவர், அறுந்துபோன ரப்பர் செருப்பு. ஒரு தீக்குச்சி, அவ்வளவுதான் வேலை. "கொசுவும் ஓடும்" என்று ஒரு சமாதானமும் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணிடம், "கொளுத்தாதேம்மா, சட்டப்படி தப்பு" என்றேன். அவள் எண்ணூர்க் கழிமுகத்துக்கு அப்பால் கையைக் காட்டினாள். "அம்மாந்தண்டி புகைக்கூண்டு நாள்பூரா புகையறது யார் கண்ணுலயும் படல. நான் ஒரு முறம் சருகைக் கொளுத்துனதுதான் தெரியுதாக்கா?"

வாயடைத்துப் போனேன். கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்த ஊர் 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல் மின் நிலையத்தின் நிழலில் வாழ்ந்தது. அது மூடிய பின்பும் அத்திப்பட்டு, வல்லூர் புகைக்கூண்டுகள் கண்ணெதிரே நிற்கின்றன. பக்கத்து மணலியை, கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளுள் ஒன்றென்று 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியலில் சேர்த்தது. இப்படிப்பட்ட ஊரில் சருகுக்கு மட்டும் சட்டம் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனாலும் அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் இருந்தது. புகை எந்த உயரத்தில் கிளம்புகிறது என்பதைப் பொறுத்தது அது யார் மூக்கில் ஏறும் என்பது. பெரிய அனல் மின் நிலையப் புகைக்கூண்டுகள் 220 மீட்டர், 275 மீட்டர் உயரம்கூட இருக்கும். அதனால் அந்தப் புகை நல்லதாகிவிடாது. பல ஊர்களுக்குப் பரவி இறங்கும். நம் வாசல் நெருப்போ முழங்கால் உயரத்தில் எரிகிறது. அதன் புகை முதலில் போவது அடுத்த வீட்டுத் தொட்டிலுக்கு, திண்ணையில் இழுப்போடு உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு, கொளுத்தியவளின் சொந்த நெஞ்சுக்கு.

மார்கழி, தை விடியலில் இது இன்னும் மோசம். இரவில் தரை குளிர்ந்து, தரையொட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும். புகை மேலே போக வழியில்லை. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். புகைமூட்டத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. வீட்டுக்கு ஒரு முறம் என்று சேர்ந்த புகைக்கு அதில் பங்கு உண்டு.

எரிகிற பொருளையும் பார்க்க வேண்டும். கோரைப்பாயும் ஓலையும் எரிந்தாலும் புகை புகைதான், நுரையீரலுக்குக் கெடுதல்தான். ஆனால் இன்று குப்பையில் கலந்திருப்பது வேறு. செம்புக் கம்பி எடுக்கப் பழைய ஒயரைக் கொளுத்துகிறார்கள். அதன் மேலுறை பி.வி.சி. பிளாஸ்டிக். எரிந்தால் அமில வாயுவும், புற்றுநோய் தரக்கூடிய டையாக்ஸினும் வெளிவரும். குப்பங்களில் கிழிந்த நைலான் வலையும் மீன் வைத்த தெர்மாகோல் பெட்டியும் கரையோரம் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். நைலான் எரிந்தால் சயனைடு வாயுகூட வரலாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தெருவிலும் பொது இடத்திலும் குப்பையைப் போடவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்றன. அதே ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், திறந்த வெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தத் தடை குப்பைக் கிடங்குகளுக்கும் சேர்த்துத்தான். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்து, சுற்றுவட்டாரம் நாள்கணக்கில் மூச்சுத் திணறியது. ஒரு முறத்துக்கு உள்ள விதி ஒரு மலைக்கும் உண்டு. அதை நினைவூட்டும் உரிமை நமக்கு இருக்கிறது.

போகிக்கு முன்பு மாநகராட்சி பழைய பாய், துணி, டயர்களை வீடுதேடி வாங்கிக்கொள்கிறது. அவற்றை மணலி எரியுலைக்குக் கொண்டுபோனதும் உண்டு. "அங்கேயும் எரிப்பதுதானே, அதுவும் நம் பக்கம்தானே" என்று கேட்டால் அந்தக் கேள்வியும் சரியே. மூடிய உலையின் கடும் வெப்பத்துக்கும் வாசல் நெருப்புக்கும் வேறுபாடு பெரிது. ஆனாலும் நகரத்துக் குப்பையெல்லாம் ஏன் வடக்கே வர வேண்டும் என்று கொடுங்கையூர் எரியுலைத் திட்டத்தை எதிர்த்து மக்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். சருகைத் தனியாகக் கூட்டி, வாசல் முருங்கைக்கோ தென்னைக்கோ அடியில் போட்டு மண் தூவுங்கள். மழைக்காலம் கழிந்தால் உரம். கவரும் செருப்பும் குப்பை வாங்க வரும் பேட்டரி வண்டிக்குப் போகட்டும். கொசுவுக்குப் புகை மருந்தல்ல. தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதே மருந்து. வண்டி வரவில்லையா, யாராவது குப்பை எரிக்கிறார்களா, மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லுங்கள்.

எங்கள் தெருப் பெண்ணும் இப்போது கொளுத்துவதில்லை. சருகு முருங்கை அடிக்குப் போகிறது. போன வாரம் என்னைக் கண்டதும் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு மறுபடி வடக்கே கையைக் காட்டினாள்.

"நான் நிறுத்திட்டேன்க்கா. அத்த எப்போ நிறுத்துவாங்க?"

இந்த முறை என்னிடம் பதில் இல்லை. உங்களோடு சேர்ந்து நானும் அதைக் கேட்கிறேன்.