நாலு சபைகளும் ஒரு விண்ணப்பமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தொழிற்பயிற்சியைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, அதைப் பற்றிப் பேசாதார் யார், புதிதாக நாம் என்ன சொல்லப்போகிறோம் என்றே முதலில் எண்ணினோம். பயிற்சி வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாறுபாடில்லை. அதை யார் கேட்பது, யாரிடம் கேட்பது, கிடைத்த பணத்துக்கு யார் கணக்குச் சொல்வது என்ற இடத்திலேதான் காரியம் நின்றுவிடுகிறது. ஆதலின் அந்த இடத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமக்கு நேர்ந்ததொன்றைச் சொல்லுகிறோம். கடற்கரைப் பக்கத்து இளைஞர் எட்டுப்பேர், வள்ளங்களுக்குப் பூட்டும் இயந்திரங்களைத் திருத்தப் பழகவேண்டும் என்று விரும்பினார்கள். நல்ல விருப்பம். இயந்திரம் பழுதானால் திருத்துபவனைத் தேடி இரண்டு நாள் அலைந்து, அந்த இரண்டு நாளும் தொழிலுக்குப் போகாமல் கிடப்பவர்கள் அவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். நாம் விண்ணப்பம் எழுதிக்கொண்டு ஓர் உள்ளூராட்சி மன்றத்துக்குப் போனோம். "எட்டுப்பேருக்கு ஒரு வகுப்பா? இருபது பேராவது வேண்டாமா?" என்றார்கள். பக்கத்து மன்றத்துக்குப் போனோம். "இவர்கள் எமது எல்லைக்குள் இல்லையே" என்றார்கள். இரண்டு பதிலும் சட்டப்படி சரியானவை. இதிலே வேடிக்கை என்னவென்றால், அந்தப் பக்கத்து எல்லைக்குள்ளும் இதே தொழிலைப் பழக விரும்பிய இளைஞர் பலர் இருந்தார்கள் என்பது பின்னர்தான் எமக்குத் தெரியவந்தது. அவர்களும் ஆள் காணாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களே. இரண்டு மன்றமும் ஒரு மேசையில் இருந்து பேசியிருந்தால் வகுப்பு நிறைந்திருக்கும். எமது எட்டுப்பேரில் ஐந்து பேர் இன்று ஊரில் இல்லை.

யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 17 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன: மாநகர சபை ஒன்று, நகர சபை மூன்று, பிரதேச சபை பதின்மூன்று. நமது வடமராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வல்வெட்டித்துறை நகர சபை, பருத்தித்துறை நகர சபை, பருத்தித்துறைப் பிரதேச சபை, கரவெட்டிப் பிரதேச சபை என்று நாலு. ஒரு பஸ்ஸில் ஏறினால் இறங்குமுன் மூன்று சபைகளின் எல்லையைக் கடந்துவிடலாம். ஒரு பையன் ஒரு சபையில் படுத்தெழும்பி, மற்றொரு சபையில் படித்து, மூன்றாவது சபையிலுள்ள பட்டறையில் கைத்தொழில் பழகுகிறான். அவனுக்கு எல்லை தெரியாது. விண்ணப்பத்துக்குத்தான் எல்லை தெரியும்.

தெரு, விளக்கு, சந்தை, துப்புரவு, வாசிகசாலை இவைதானே சபைகளின் வேலை, தொழிற்பயிற்சி கொழும்பின் வேலை அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். பெரும்பாலும் உண்மைதான். பயிற்சி நிலையங்களை நடத்துவதும், ஏழு படிகளாக வகுத்த தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழை வழங்குவதும் மத்திய அரசாங்கத்து நிறுவனங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜெர்மன் நாட்டின் உதவியுடன் 2016ஆம் ஆண்டில் பெரிய பயிற்சி நிலையமொன்று திறக்கப்பட்டதும் நீங்கள் அறிந்ததே. ஆயினும், வேலைவாய்ப்புத் திட்டங்களை மேற்கொள்ள 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலும் இடமுண்டு. அன்றியும், எந்த ஒழுங்கையில் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள் என்று கொழும்பிலிருந்து பார்த்தால் தெரியாது. சபையின் வாசலில் நின்று பார்த்தால் தெரியும்.

நிற்க. பல சபைகள் சேர்ந்து பயிற்சிக்குப் பணம் கேட்கும் முறை வேறெங்கேனும் நடந்திருக்கிறதா என்று தேடியபோது, அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்துக் கதை எமது கவனத்தை இழுத்தது. அந்த மாநிலத்தில் கவுண்டி என்னும் உள்ளூராட்சிப் பிரிவுகள் 120 உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மக்கள் தெரிந்தெடுத்த தலைவர் ஒருவர். வழக்கு விசாரிக்கும் வேலை அவரை விட்டுப்போய் நெடுங்காலமாகியும், நீதிபதி என்ற பட்டம் மட்டும் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. (வேலை போனபின்னும் நிற்கும் பட்டங்கள் நம்மூரிலும் உண்டு.)

கிழக்குக் கென்ரக்கி மலைப் பிரதேசம். நிலக்கரிச் சுரங்கமே அங்கு பிழைப்பு. 2011ஆம் ஆண்டில் 13,000 பேருக்கு மேல் சுரங்கத்தொழில் செய்தார்கள். விலை குறைந்த இயற்கை வாயு சந்தைக்கு வந்தது. மின்னிலையங்கள் நிலக்கரியைக் கைவிடத் தொடங்கின. ஐந்தே ஆண்டுகளில் அந்த வேலைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது. தகப்பன், பாட்டன் காலந்தொட்டு ஒரே தொழிலை அறிந்திருந்தவர்கள், நாற்பது ஐம்பது வயதில் வேறு தொழில் பழகவேண்டியவரானார்கள். ஒரு சிறு கவுண்டி தனியே இதற்கு என்ன செய்ய முடியும்? ஆனால் அங்கே 23 கவுண்டிகள் ஏற்கெனவே ஒரு பயிற்சி வட்டாரமாக இணைந்திருந்தன. 1968ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனமொன்று, ஹசார்ட் என்னும் சிற்றூரில் இருந்துகொண்டு அவை யாவற்றுக்கும் பொதுவாக வேலையை நடத்திவந்தது. 2013இல் வாஷிங்டனிலுள்ள தொழிற் திணைக்களத்திடம் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளருக்காக அந்த வட்டாரம் முழுவதற்கும் ஒரே விண்ணப்பம் போயிற்று. 50 இலட்சம் டொலருக்கு மேல் கிடைத்தது.

பணத்தின் தொகையை வியப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த இணைப்புக்குப் பின்னால் நிற்கும் சட்டத்தைக் கவனிக்கவேண்டும். 1973ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு இலட்சம் மக்களுக்கு மேற்பட்ட உள்ளூர் ஆட்சிகளுக்கும், அத்தகையதொன்றுடன் கூட்டுச்சேர்ந்த அயற்சபைகளுக்கும் பயிற்சிப் பணத்தை நேராகவே கொடுத்தது. சேராமல் நின்ற சிறியவை மாநிலத்தின் கையை எதிர்பார்த்திருந்தன. இன்றுள்ள சட்டம் 2014ஆம் ஆண்டினது. பல சபைகள் சேர்ந்த வட்டாரத்தில் யார் யாருக்கு என்ன பொறுப்பு என்பதைத் தலைவர்கள் ஓர் உடன்படிக்கையாக எழுதிக்கொள்ள அது இடமளிக்கிறது. கணக்கு வைக்க ஒருவரை நியமிக்கலாம். ஆனால் பணம் பிழையாகச் செலவானால் பொறுப்பு அந்தத் தலைவர்களுடையதே. கணக்கப்பிள்ளையைக் காட்டித் தப்ப வழியில்லை. பயிற்சியை மேற்பார்க்கும் வட்டாரச் சபையிலே பாதிக்கு மேற்பட்டோர் தொழில் நடத்துவோராயும், குறைந்தது ஐந்தில் ஒரு பங்கினர் தொழிலாளர் தரப்பினராயும் இருத்தல் வேண்டும். ஆள் எடுப்பவனைக் கேளாமல் வகுப்புத் தொடங்கக்கூடாது என்பதே இதன் கருத்து.

எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மின்கம்பத்தில் ஏறிக் கம்பி இழுக்கும் வேலையைச் சிலர் பழகினார்கள், அது பயன்பட்டது. உயரத்துக்கும் ஆபத்துக்கும் அஞ்சாத கைகள் அல்லவா! ஆனால் அவர்களில் சிலர் வேலைக்காக மலையை விட்டு வெளியூர் போகவேண்டியதாயிற்று. பைக்வில் என்னும் ஊரில் சுரங்கத் தொழிலாளரைக் கணினி நிரல் எழுதப் பழக்க ஒரு கம்பனி 2015இல் முன்வந்தது. விண்ணப்பித்தவர்கள் தொள்ளாயிரத்துக்கு மேல். எடுக்கப்பட்டவர்கள் பத்துப்பேர் அளவில். பத்திரிகைகள் அந்தப் பத்துப்பேரைப் பற்றியே எழுதின. எமது மனம் மற்றவர்களிடம் போகிறது. பழக ஆயிரம் பேர் ஆயத்தமாயிருந்தும் வேலை பத்து என்றால், பிழை பழக வந்தவனிடத்தில் இல்லை.

இனி நம்மூருக்கு வருவோம். நாலு சபைகள் சேர்வதற்குத் தடை என்ன? ஊர்கூடித் தேரிழுப்பது நமக்குப் புதிதன்று. ஆனால் தேர்முட்டி எந்த ஊரில் என்று கேட்டால் வடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சண்டை பிடிப்போம். பயிற்சி என்றதும் கட்டடம், கட்டடம் என்றதும் கல்வெட்டு, கல்வெட்டு என்றதும் யாருடைய பெயர் என்று பேச்சு வளர்ந்துவிடுகிறது. இங்கே பெரியோர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்பிச் சொல்லுகிறோம். இந்த நோய் இளைஞரிடமிருந்து தொடங்கியதன்று. முதல் விண்ணப்பத்தில் கட்டடமே கேட்கவேண்டாம் என்பது எமது கருத்து. பூட்டிக்கிடக்கும் மண்டபங்கள் நாலு எல்லையிலும் உண்டு. கேட்கவேண்டியது ஆயுதம், ஆசிரியர் சம்பளம், பிள்ளைகளின் பஸ் காசு. இந்தப் பஸ் காசை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாதியில் வகுப்பை விட்ட பையன்களைக் கேட்டுப்பாருங்கள். எத்தனை பேர் அதைச் சொல்லுகிறார்கள் என்று தெரியும்.

மற்றுமொன்று. 2023ஆம் ஆண்டு பங்குனியில் சபைகளின் காலம் முடிந்து, 2025ஆம் ஆண்டு மே 6ஆந் திகதி தேர்தல் நடக்கும்வரை, இரண்டு ஆண்டுக்கு மேலாக மக்கள் தெரிந்த உறுப்பினர் எவரும் சபைகளில் இருக்கவில்லை. தவிசாளர் நால்வர் தேநீர் குடித்துக்கொண்டே செய்யும் உடன்பாடு அத்தகைய காலத்தைத் தாங்காது. நாலு சபையும் தத்தம் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, கணக்கு எந்தச் சபையில் இருக்கும், கணக்காய்வாளர் கேட்டால் யார் பதில் சொல்வது, ஒரு சபை விலகினால் வாங்கிய ஆயுதங்கள் யாருக்கு என்பதை எழுத்தில் வைக்கவேண்டும். விலகுவதைப் பற்றி ஆரம்பத்திலேயே பேசுவது அபசகுனம் என்று ஒரு பெரியவர் எம்மிடம் சொன்னார். கலியாணத்துக்கு அது பொருந்தும். காசுக் காரியத்துக்குப் பொருந்தாது.

சங்கம் என்ன செய்யலாம் என்று இளைஞர் கேட்டீர்கள். சபைகள் சேரும்வரை காத்திராமல் பெயர்ப் பட்டியலை நாமே தொடங்கலாம். நாலு எல்லையிலுமுள்ள வாலிபர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் ஒரே மாதிரிக் கொப்பி வைத்து, யார் எந்தத் தொழில் பழக விரும்புகிறார், எதுவரை படித்தார், எத்தனை மணிக்கு வரமுடியும் என்று எழுதட்டும். பெண்பிள்ளைகளின் பெயர் விடுபடக் கூடாது. "அவள் தையல் பழகுவாள்" என்று கேளாமலே எழுதிவிடவும் கூடாது. கொப்பியின் மறுபக்கம் பெரியோர்களுக்கு. பட்டறை வைத்திருப்பவர், மேசன் வேலைக்கு ஆள் தேடுபவர், குளிரூட்டி திருத்த ஆளில்லாமல் கடை நடத்துபவர் தமக்கு எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு கூலி கொடுப்பார் என்று அதில் எழுதவேண்டும். இரண்டு பக்கமும் பொருந்தும் தொழில்களை மட்டுமே விண்ணப்பத்தில் போடுவோம். பொருந்தாத தொழிலை ஒருவர் எவ்வளவு ஆசையோடு கேட்டாலும், இங்கே அதற்கு வேலை இல்லை என்று முன்னரே சொல்லிவிடுவோம். வருத்தமாயிருக்கும், ஆனால் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வருந்துவதிலும் அது குறைவு.

எமது ஊர்க் கொப்பியைத் தொடங்கிவிட்டோம். முன்சொன்ன எட்டுப்பேரில் ஊரில் நிற்கும் மூவரின் பெயர் முதற் பக்கத்தில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் இன்னும் இயந்திர வேலையே வேண்டும் என்கிறார்; மற்ற இருவரும் மனம் மாறி மின்னிணைப்பு வேலை கேட்கிறார்கள். மறுபக்கத்தில் இதுவரை ஒரு பட்டறைக்காரர் மட்டும் எழுதியிருக்கிறார். கொப்பி வாசிகசாலை மேசையிலேயே கிடக்கும். அதனோடு கட்டியிருந்த பேனையை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். எழுத வருபவர்கள் பேனையோடு வருக.