தறிச் சத்தத்துக்கு யார் பொறுப்பு?

(விசைத்தறித் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சத்தத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். சோமனூரிலும் பள்ளிபாளையத்திலும் தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். உண்மைதான். ஆனால் அதே தறிக்கூடச் சுவரின் மறுபுறத்தில் குழந்தை பாடம் படிக்கிறது. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் கண்ணயரப் பார்க்கிறார். "வேலை வேண்டுமா, தூக்கம் வேண்டுமா?" என்று நம்மைக் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்பதே நமது பதில்.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் ஒலி மாசு விதிகளை வெளியிட்டது. அதன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கடைவீதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரையுள்ள அமைதிப் பகுதியில் 50, 40. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை.

55-க்கும் 75-க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று எண்ணிவிடக்கூடாது. டெசிபல் 10 கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகிறது. 20 கூடினால் நூறு மடங்கு! வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் செய்யலாம் என்கிறது விதி. அதாவது, பத்து மடங்கு ஆன பிறகு!

இன்னொரு ஓட்டையும் உண்டு. எது குடியிருப்பு, எது தொழிற்பகுதி என்று மாநில சர்க்கார் வகை பிரிக்க வேண்டும். வீடும் தறியும் ஒரே தெருவில் இருக்கும் ஊரில், வகை பிரிக்காதவரை இந்த எண்கள் வெறும் காகிதமே.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே 1968-லேயே சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. விசைத்தறியும் அதன் பட்டியலில் இருக்கிறது. குறிக்கப்பட்ட பகுதியில் அத்தகைய இயந்திரத்தை நிறுவுமுன் 30 நாட்களுக்கு முன்னதாக நகராட்சித் தலைவருக்கு அறிவிக்க வேண்டும். ஆலையின் எல்லையில் நின்று சத்தத்தை அளக்கிறார்கள். சிறு தொழில் நடத்துவோருக்குத் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. நம் ஊரிலோ, தறி ஓடத் தொடங்கி, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்த பிறகுதான் சட்டம் விழிக்கிறது!

பரிகாரம் எது? ஜன்னலை அடைத்துச் சுவரை உயர்த்தினால் போதுமென்று சில முதலாளிமார் சொல்கிறார்கள். தெருவுக்கு அமைதி கிடைக்கலாம். உள்ளே நிற்கும் தொழிலாளிக்கு? வெளியே போகாத சத்தம் அவர் காதிலல்லவா இறங்கும்! நாடாத் தறிக்கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் தொழில் நோயாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. இந்தச் செவிட்டுத்தன்மை வந்துவிட்டால் மீளாது.

ஆகவே நாம் கோர வேண்டியவை மூன்று:

முதலாவது, தறி பூட்டுவதற்கு முன்பே நகராட்சி இடத்தைப் பார்த்து, சத்தத்தைக் கணக்கிட்டு அனுமதி தர வேண்டும்.

இரண்டாவது, சத்தம் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைக்க வேண்டும்: தேய்ந்த பாகங்களை மாற்றுவது, தறியின் அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் வைப்பது, கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை பொருத்துவது, காற்றோட்டம் கெடாமல் பார்ப்பது. தொழிலாளிக்குக் காதடைப்பான் தர வேண்டும். நான்கு தறி வைத்திருக்கும் கூலித்தறிக்காரருக்கு இதற்குக் கடனுதவி தேவை.

மூன்றாவது, சத்தத்தைக் காட்டித் தறியை மூடி, தொழிலாளியை நடுத்தெருவில் நிறுத்தக்கூடாது.

தறிக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டால் சத்தம் குறையாது. இருவரும் சேர்ந்து நகராட்சி வாசலுக்குப் போவோம். தறியும் ஓடட்டும், குழந்தையும் தூங்கட்டும்!