'மக்கு' என்றொரு முத்திரை

(மாலை வகுப்பு நடத்தும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற உங்களிடம் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கு. மக்கு. "இதுகளுக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்று பள்ளிக்கூடத்தில் குத்தப்படும் முத்திரை. சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதியைச் சொல்கிற வழி இது.

இதற்கு விஞ்ஞானச் சாயமும் பூசியிருக்காங்க. 1905இல் பிரான்சில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் இருவரும் ஒரு அறிவுச் சோதனையை உருவாக்கினார்கள். எதுக்கு? வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை அடையாளம் கண்டு தனிக் கவனம் கொடுக்க. அறிவு பயிற்சியால் வளரும் என்றார் பினே. அதே சோதனை அமெரிக்கா போனதும் தலைகீழாச்சு. அறிவு பிறப்பிலேயே முடிவாகிறது என்றார் ஹென்றி கோடார்ட். கேரி பக் என்ற ஏழைப் பெண்ணை 'மந்த புத்தி' என்று முத்திரை குத்தி, கட்டாயக் கருத்தடை செய்யலாம் என 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பிறப்பை வைத்துத் தரம் பிரிப்பது நமக்குப் புதுசா, தோழர்களே?

நம்ம நாட்டு விஷயத்துக்கு வருவோம். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் 2004இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 321 ஆதிக்கசாதிச் சிறுவர்கள், 321 தலித் சிறுவர்கள். தாளில் வரைந்த சுற்றுப்பாதைப் புதிர்களுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். சாதியை வெளியில் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு முடித்தார்கள். அப்பன் பேர், ஊர், சாதி எல்லாவற்றையும் மற்றவர்கள் முன்னால் வாசித்த குழுக்களிலோ தலித் சிறுவர்களின் எண்ணிக்கை சரிந்தது. சோதனை அளந்தது யாரை? பிள்ளையின் மூளையையா, நம்ம சமூகத்தையா?

அப்படின்னா நாம் எப்படி மதிப்பிடுவது? எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளையைப் பார்த்து முதலில் கேளுங்க: சாப்பிட்டியா? ராத்திரி படிக்க வெளிச்சம் இருக்கா? கரும்பலகை தெரியுதா? பள்ளிக்கூடத்தில் உன்னை எங்கே உட்கார வைக்கிறாங்க? கூட்டச் சொல்றாங்களா, கக்கூஸ் கழுவச் சொல்றாங்களா? அப்புறம் அளந்து பாருங்க. போன மாசம் எத்தனை சொல் வாசித்தது, இந்த மாசம் எத்தனை? பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட வேணாம். அதன் நேற்றோடு ஒப்பிட்டால் போதும்.

பரிவு என்பது "ஐயோ பாவம்" சொல்வதில்லை. தெரியாததைத் தெரியும்னு எழுதி மேல் வகுப்புக்குத் தள்ளி விடுவதும் இல்லை. அதுவும் துரோகம்தான். படிக்கத் தெரியலைன்னா "இன்னும் தெரியலை" என்று எழுதுங்க. பக்கத்திலேயே அடுத்த மாசம் நாம் என்ன செய்யப் போகிறோம் என்றும் எழுதுங்க. அந்த ஏட்டில் பிள்ளைக்கு ஒரு வரி என்றால் நமக்கும் ஒரு வரி இருக்கணும்.

நம் எதிரிகள் குத்துகிற முத்திரையை எதிர்த்துத்தான் தெருவுக்கு வந்தோம். அதே முத்திரையை நம் வகுப்பிலேயே, அதுவும் நம் வாயாலேயே குத்தினால், அப்புறம் அந்தப் பிள்ளைக்குப் போக இடம் ஏது?