கால் வீக்கமும் மனநோய் மருந்தும்



திருகோணமலை மாவட்டத்தின் தென்பகுதியில், வெருகலாற்றுக்கு அண்மையில் உள்ள ஊர் ஈச்சிலம்பற்று. அங்கே மனநோய்க்கு மருந்துண்ணும் இளைஞன் ஒருவன் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மருந்தின் பயனால் அமைதியுற்று, அவன் மீண்டும் வயல் வேலைக்குச் செல்கிறான். ஒருநாள் மாலை அவனுடைய பாதங்கள் வீங்கியிருப்பதைத் தாய் காண்கிறாள். விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. குளிசை பிள்ளையின் உடலைக் கெடுக்கிறதென்று அஞ்சி, அதனை ஒளித்துவைக்கிறாள். அன்பினால் விளைந்த செயல்தான், ஆயினும் ஆபத்தானது.

1952 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் குளோர்புரோமசீன் என்னும் மருந்து மனநோயாளருக்கு வழங்கப்பட்டது. அதன் பின்னர் இவ்வகை மருந்துகள் பல தோன்றின. அவற்றுள் ரிஸ்பெரிடோன், ஒலன்சபைன், குவெட்டியபைன் ஆகியவை சிலருக்குக் காலில் நீர்வீக்கத்தை உண்டாக்குவதுண்டு. இரத்தக் குழாய்கள் தளர்வது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வரம்பு நெகிழ்ந்தால் வாய்க்கால் நீர் அயல் வயலுக்குட் கசிவதுபோல, குழாயிலுள்ள நீர் இழையங்களுட் கசிந்து, தாழ்ந்த இடமாகிய பாதத்தில் தேங்குகிறது. மருத்துவர் அளவைக் குறைத்தாலோ, வேறு மருந்துக்கு மாற்றினாலோ, இது பெரும்பாலும் வற்றிவிடும்.

வீட்டாரே மருந்தை நிறுத்தினால் நிகழ்வது யாது? வீக்கம் சில நாட்களில் வற்றக்கூடும். இளைஞனும் நலமாகவே தோன்றுவான். நிறுத்தியதே நன்றென்று தாய் மகிழ்வாள். வாரங்களோ மாதங்களோ கழிந்தபின் அவனுக்கு உறக்கம் கெடும்; ஐயமும் அச்சமும் தலைதூக்கும். அன்று ஒளித்த குளிசையே இதற்குக் காரணமென்று எவருக்கும் தோன்றாது.

வீக்கமெல்லாம் மருந்தினால் வருவதுமன்று. இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் நோயாலும் கால் வீங்கும். ஆகையால் மருத்துவர் பார்த்தே காரணத்தைத் துணிய வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அது குழாயில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாகலாம். உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி நோயாளர் வண்டி வரும். மருத்துவரைக் காணுமுன் அடுத்த குளிசையைக் கொடுத்தல் ஆகாது. உண்ணும் குளிசைகள் அனைத்தையும் உடன் கொண்டுசெல்லுதல் நன்று.

பாதத்தில் மெல்லென வரும் வீக்கமாயின், அது தோன்றிய நாளைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறைநாள் வரை காத்திராமல், சில நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டுக. அதுவரை மருந்தை முறைப்படி கொடுத்து வருக. வீக்கத்தை மறைத்தலும் வேண்டா. குளிசையை ஒளித்தலும் வேண்டா. கண்டதைக் கண்டபடி மருத்துவரிடம் கூறும் தாயே, மகனுடைய காலையும் காப்பாள், மனத்தையும் காப்பாள்.