இன அபிமானமும் உழைப்பாளி மக்களும்
(மத்திகிரி தோழர்களிடையே ஆற்றிய உரை)



மத்திகிரி டீக்கடையில் கால் மணி நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். ஓசூர் ஆலைகளில் ஷிப்டு விடுகிற நேரமானால் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொள்ளும். இப்படிப்பட்ட ஊரில் “தமிழன் யார்?” என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். எதற்காகக் கேட்கிறார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

இன உணர்ச்சி ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. தமிழ் ஈராயிரம் ஆண்டுப் பாஷை. ஆனால் பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே இனம் என்ற எண்ணம் சமீப காலத்தது. இருவர் பேச்சும் ஒன்றுதான். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடிந்ததா? 1856ல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம் என்றார். (நமது டீக்கடைக்காரருக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும்.) பிறகு பத்திரிகைகளும், 1938ல் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்றவர்களும் அந்த எண்ணத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

ஏர் பிடிப்பவனுக்கு இதனால் என்ன? கோர்ட்டில் வக்கீல் பேசியது இங்கிலீஷ், தீர்ப்பும் இங்கிலீஷாக இருந்தது. நிலம் பறிபோனது மட்டும்தான் அவனுக்குத் தமிழில் புரிந்தது. அதனால்தான் நம் கட்சி மொழிவாரி ராஜ்யம் கேட்டது. தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி 1956ல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்தார். காங்கிரஸ் ஊழியராயிருந்த அவர், தம் உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்கச் சொன்னார். 1961ல் அந்தப் பெயருக்காக ராஜ்ய சபையில் மசோதா கொண்டுவந்தவர் நமது தோழர் பூபேஷ் குப்தா. அவர் வங்காளி! 1969 ஜனவரி 14ல் பெயர் கிடைத்தது.

இதே அபிமானம் ஆளும் வர்க்கத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும்? ஜப்பானைப் பாருங்கள். 1868க்கு முன் அங்கே குடியானவனுக்குத் தன் பிரபுவின் சீமைதான் நாடு. பிறகு வந்த சர்க்கார், எல்லோரும் சக்கரவர்த்தியின் ஒரே குடும்பம் என்றது. 1890ல் சக்கரவர்த்தியின் கல்விக் கட்டளை பிறந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். ஆனால் குடும்பத்தின் பெண்பிள்ளைகள் பஞ்சாலை விடுதியில் அடைபட்டு நாள் ஒன்றுக்குப் 12 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்தார்கள். 1942ல் அதே சர்க்கார் மலேயாவைக் கைப்பற்றி, ஆசியா ஆசியருக்கே என்றது. அங்கிருந்த தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துச் சென்றது. 415 கிலோமீட்டர்! காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் காட்டில் மடிந்தார்கள். ஆசியச் சகோதரன் என்ற பட்டம் ஒரு கவளம் சோறு போடவில்லை.

இங்கே இன்று “வடக்கத்தியான் வந்து வேலையைப் பறிக்கிறான்” என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கேட்பது நியாயம்; நாமும் கேட்கிறோம். ஆனால் ஒடிசாத் தொழிலாளியைக் குறைந்த கூலிக்குக் காண்டிராக்டில் அழைத்து வந்தவன் யார்? ஒரே ஷெட்டில் பத்துப் பேரை அடைத்தவன் யார்? அவனுக்குத் தமிழன், கன்னடன், ஒடியன் எல்லாம் ஒன்றுதான். எவன் மலிவோ அவன் வேண்டும்.

ஆகவே சங்கத்தின் அடுத்த நோட்டீஸைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நான்கிலும் அச்சடிக்க முடிவு செய்திருக்கிறோம். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதுதான் முதல் வரி. கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் ஆள் இருக்கிறது. இந்தி எழுதத் தெரிந்த தோழர் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுங்கள்.