அந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள்

(சிட்னித் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மனிதருக்கே ஆயிரம் குறை கிடக்கும்போது நாய்க்காக ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்கிறேன். இந்த நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு ஒரு கொடுமையை விசாரிக்க வைத்தது, கொடுமைதான் என்று ஒப்புக்கொண்டது, அதைத் தடுக்க நாடாளுமன்றத்தில் சட்டமும் இயற்றியது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே அதைக் கைகழுவியும் விட்டது. அந்த மன்றத்துக்கு வாக்குப் போட்டு ஆளனுப்பியவர்கள் நாம். அதனால்தான் இந்தக் கூட்டம்.

நடந்ததைச் சொல்கிறேன். 2015 பிப்ரவரியில் ஏபிசி தொலைக்காட்சியின் ‘ஃபோர் கார்னர்ஸ்’ நிகழ்ச்சியில் இந்த நாடே ஒரு காட்சியைப் பார்த்தது. பந்தயத்துக்காகக் கிரேஹவுண்ட் நாய்களைப் பழக்குகிற இடங்களில், பொம்மை முயலைக் கட்டி இழுக்கும் இயந்திரத்தில் உயிருள்ள பன்றிக்குட்டியையும் முயலையும் பொசம் என்ற சிறு விலங்கையும் கட்டிவிட்டு நாய்களை ஏவினார்கள். கதறக் கதறக் கடிபட்டன அவை. இது சட்டப்படி குற்றம் என்று செய்தவர்களுக்கும் தெரியும்.

அதன்பின் நாட்டின் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 2016-ல் அறிக்கை வந்தது. முந்தைய 12 ஆண்டுகளில் 48,000 முதல் 68,000 வரை கிரேஹவுண்ட் நாய்கள் இந்த ஒரு மாநிலத்தில் கொல்லப்பட்டிருக்கலாம் என்றது அறிக்கை. பந்தயத்துக்கென்று பிறப்பித்த நாய்களில் குறைந்தது பாதி! அவை நோயில் சாகவில்லை, யாரையும் கடித்ததற்காகவும் சாகவில்லை. வேகம் போதவில்லை என்று கொன்றார்கள். இன்னொன்றையும் ஆணையம் கண்டுபிடித்தது. ஓடுதளத்தில் நாய்களுக்கு ஏற்பட்ட காயங்களின் அளவைத் தெரிந்தே குறைத்துக் காட்டுவதை நாய்ப் பந்தயத் துறையை நடத்திய அமைப்பு ஒரு கொள்கையாகவே வைத்திருந்தது.

2016 ஜூலை 7 அன்று முதல்வர் மைக் பேர்ட் தடையை அறிவித்தார். ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. 2017 ஜூலை 1 முதல் நாய்ப் பந்தயம் இருக்காது என்றார்கள். பிறகு பத்திரிகையும் வானொலியும் அவரைச் சூழ்ந்துகொண்டன, கூட்டணிக் கட்சிக்குள் முணுமுணுப்பு எழுந்தது, ஆரஞ்சு தொகுதியில் இடைத்தேர்தல் நெருங்கியது. அக்டோபர் 11 அன்று தடையைத் திரும்பப் பெறுவதாக அதே முதல்வர் அறிவித்தார். ஜூலையில் உண்மையாக இருந்த அறிக்கை அக்டோபரில் பொய்யாகிவிட்டதா? அதில் ஒரு வரி மாறியதா? ஒரு வரியும் மாறவில்லை. நம் மாநிலம் நாலு புறமும் சூழ்ந்திருக்கிற கான்பரா தலைநகர்ப் பகுதி மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, 2018-ல் பந்தயத்தை நிறுத்திவிட்டது.

தடை வேண்டாம், திருத்திக்கொள்கிறோம் என்றார்கள் இங்கே. திருத்த முடியுமா என்று நீங்களே ஒரு ஓட்டத்தைப் பாருங்கள். எட்டுப் பெட்டி, எட்டு நாய். ஒன்றாம் எண்ணுக்குச் சிவப்பு, எட்டாம் எண்ணுக்கு இளஞ்சிவப்பு என்று மேல்துணி. பொம்மை முயல் கடந்ததும் கதவு மேலே எழும். சில நொடிகளில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம். அந்த வேகத்தோடு எட்டும் ஒரே முயலைக் குறிவைத்து முதல் வளைவுக்குள் புகும். அங்கேதான் மோதல், அங்கேதான் உருண்டு விழுவது. வளைவுள்ள எல்லா ஓட்டமும் இடப்பக்கமே திரும்புவதால், வளைவின் பாரம் திரும்பத் திரும்ப வலது பின்னங்காலின் கணுவில் இறங்குகிறது. அந்தக் கணுவுக்குள் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது நொறுங்குவதுதான் இந்த நாய்களுக்கென்றே உள்ள காயம். கால்நடை மருத்துவர்களைக் கேளுங்கள், எந்தக் கால் என்று பார்க்காமலே சொல்வார்கள். அதாவது இது விபத்து அல்ல. ஓடுதளத்தின் வடிவத்திலேயே எழுதிவைத்த காயம்.

சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்து, எட்டை ஆறாகக் குறையுங்கள், வளைவை விட்டு நேர்தளத்தில் ஓடவிடுங்கள் என்று சொன்னார்கள். எட்டுப் பெட்டிகளும் இன்றும் திறக்கின்றன. 2024-ல் இந்தத் துறையின் தலைமைக் கால்நடை மருத்துவராக இருந்தவரே நாய்கள் படும் பாட்டை எழுதிவைத்துவிட்டு வெளியேறினார். அது அம்பலமானதும் தலைமை நிர்வாகி பதவி விலகினார், அரசு மறுபடி ஒரு விசாரணையை வைத்தது. இன்னும் எத்தனை விசாரணை வேண்டும்?

இப்போது அவர்கள் கையில் எடுத்திருக்கும் கேடயம் தத்துக்கொடுத்தல். ஓய்வுபெற்ற நாய்களுக்கு வீடு தேடித் தருகிறோமே, பிறகென்ன என்கிறார்கள். வீடு கொடுக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் குழாயைத் திறந்துவிட்டு வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் எப்போது ஈரம் காயும்? இரண்டு வயதிலும் மூன்று வயதிலுமே பல நாய்கள் ஓட்டத்திலிருந்து வெளியேறுகின்றன. பன்னிரண்டு வயதுக்கு மேலும் வாழக்கூடிய பிராணி அது. மீதி வாழ்க்கைக்கு வீடு வேண்டும். இந்த மாநிலத்தில் வீடு போதாமல் அமெரிக்காவுக்கு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள், தெரியுமா? அந்த அமெரிக்காவிலோ மேற்கு வர்ஜீனியாவில் இரண்டு ஓடுதளங்கள் தவிர மற்றதெல்லாம் மூடியாகிவிட்டது.

2016-ல் தடையை வீழ்த்திய வாதம் ஒன்று உண்டு. அதை நான் மரியாதையோடுதான் எடுத்துக்கொள்கிறேன். குதிரைப் பந்தயம் பணக்காரனுக்கு, நாய்ப் பந்தயம் உழைப்பாளிக்கு. நகரத்து மேட்டுக்குடி வந்து கிராமத்தான் பொழுதுபோக்கைப் பறிக்கிறது என்றார்கள். டப்போவிலும் கிராஃப்டனிலும் அப்பாவும் மகனுமாக விடியற்காலையில் நாயை நடத்திக்கொண்டு போகிற குடும்பங்கள் இருக்கின்றன. நாயிடம் பிரியம் இல்லாதவர்கள் என்று அவர்களை நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லிக் காசு பார்ப்பது யார்? பகலிலும் இரவிலும் பல ஊர்களில் ஓட்டம் நடக்கிறதே, பார்க்க ஆள் இருக்கிறதா? இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. கைப்பேசியில் பந்தயம் கட்டுகிறவனுக்குச் சில நிமிடத்துக்கு ஒரு ஓட்டம் வேண்டும், அதற்காகத்தான் நாய் ஓடுகிறது. அந்தச் செயலி நம் பிள்ளைகளின் கைப்பேசியிலும் இருக்கிறது, பெற்றோர்களே, இன்று இரவு கேட்டுப் பாருங்கள். பந்தய வரியிலிருந்து ஒரு பங்கு இந்தத் துறைக்கே திரும்பிப் போகிறது. அந்தப் பணத்தை எடுத்து டப்போக் குடும்பத்துக்குத் தொழில் மாறக் கொடுங்கள் என்கிறேன். ஏழைக்குப் பரிந்து பேசுகிறவர்கள் அதை எதிர்க்க மாட்டார்கள் அல்லவா?

மூடினால் நாய்களெல்லாம் கொல்லப்படும் என்று பயமுறுத்துவார்கள். மக்காவ் நகரின் கனிட்ரோம் நாய்ப் பந்தயத்தளம் 2018 ஜூலையில் மூடியபோது 533 நாய்கள் அங்கே விடப்பட்டிருந்தன. ஆஸ்திரேலியாவில் பிறந்து ஏற்றுமதியான நாய்கள் பல தலைமுறையாக ஓடிச் செத்த இடம் அது. அனிமா என்ற அமைப்பும் அதன் தலைவர் அல்பானோ மார்ட்டின்ஸும் அந்த நாய்களுக்கு வீடு தேடிக் கொடுத்தார்கள். இத்தாலி வரை போய்ச் சேர்ந்தன. அதே ஆண்டில் ஃபுளோரிடா மக்களிடம் வாக்கெடுத்தபோது 69 விழுக்காட்டினர் மூடு என்றார்கள். இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்து 2020 டிசம்பர் 31-ஓடு முடித்தார்கள். பிறகு அங்கே நாய்க்காக மனிதர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். நியூசிலாந்தைப் பாருங்கள். பந்தயத்துறை அமைச்சர் வின்ஸ்டன் பீட்டர்ஸே 2024 டிசம்பரில் தடையை அறிவித்தார், இருபது மாத அவகாசம் கொடுத்தார். இடைப்பட்ட காலத்தில் பயனில்லை என்று எவரும் நாயைக் கொல்லக் கூடாது என்று அன்றைக்கே அவசரச் சட்டம் போட்டார்கள். டாஸ்மேனியா 2029-க்குள் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறது. வழி தெரியாமல் நிற்கவில்லை நம் அரசு.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதே ஒட்டிய வயிறு, அதே நீண்ட முகம்தான் கிரேஹவுண்டுக்கும். எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், கறுப்பி. காதின் உட்புறம் மையில் குத்திய எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. வந்த புதிதில் மாடிப்படிக்கு முன் நின்று நடுங்கினாள். மூன்று வயது நாய், அதுவரை படியைக் கண்டதில்லை! கண்ணாடிக் கதவு தெரியாமல் மூக்கை இடித்துக்கொண்டாள். என் துணைவி படிக்கு ஒன்றாகக் கோழித்துண்டு வைத்து ஏற்றினார். இப்போது பகலெல்லாம் உறக்கம், காலையும் மாலையும் ஒரு நடை, குரைப்பே அபூர்வம். பெரிய தோட்டம் வேண்டியதில்லை, அடுக்குமாடியிலும் வளர்க்கலாம். குளிருக்கு ஒரு சட்டை போட வேண்டும், தோல் மெல்லியது. பூனை இருக்கிற வீடானால் அதற்குப் பழகிய நாயாகக் கேட்டு வாங்குங்கள். தனிக் கூண்டில் தூங்கிப் பழகிய பிராணி, உறங்கும்போது தொட்டால் திடுக்கிடும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வாய்க்கூடு போட்டுத்தான் தெருவில் கொண்டுபோக வேண்டும் என்ற விதியும் 2019-லேயே போய்விட்டது. சாமி அறை இருக்கிறதே என்று தயங்கும் அக்காமாருக்குச் சொல்கிறேன்: பைரவருக்குப் பக்கத்தில் நாம் யாரை நிறுத்திக் கும்பிடுகிறோம்?

சிட்னியின் நடுவில் இருக்கிற வென்ட்வொர்த் பார்க் ஓடுதளத்தின் குத்தகை 2027-ல் முடிகிறது. அரசு முடிவெடுக்க இதைவிட நல்ல நேரம் வராது. வாசலில் மேசை போட்டுக் கடிதங்களை வைத்திருக்கிறோம். 2016-ல் நிறைவேற்றிய தடையைத் திரும்பக் கொண்டு வாருங்கள், முடிவு நாளைக் குறியுங்கள், பந்தயத்துக்காகக் குட்டி பிறப்பிப்பதை இன்றே நிறுத்துங்கள், அதுவரை ஒரு நாயையும் கொல்ல விடாதீர்கள் என்று அதில் கேட்டிருக்கிறோம். உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தக் கட்சியானாலும் சரி, அவர் பெயரை உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். பதில் வந்தால் சங்கத்துக்கு ஒரு படி அனுப்புங்கள். பதில் வராத தொகுதிகளுக்கு நாமே நேரில் போவோம். நாய் வளர்ப்பவர்கள் நாயையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.