அரசின் கொள்முதலும் அயல்நாட்டு உடன்படிக்கைகளும்



அருப்புக்கோட்டைத் தெருக்களில் நடப்போர் செவியில் தறியோசை விழாமற் போகாது. குண்டாற்றங்கரைத் திருச்சுழி வரை பரந்து கிடக்கும் இவ்வானம் பார்த்த பூமியில், மழை பொய்த்த ஆண்டுகளிலும் அடுப்பெரியச் செய்த தொழில்களுள் நெசவும் ஒன்று.

1983-இல் தோன்றிய இலவச வேட்டி சேலைத் திட்டத்திற்காகத் தமிழக அரசு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் துணி பெறுகிறது. ஏழைக்குப் பொங்கலாடை, நெசவாளிக்கு வேலை. விலையை மட்டும் பார்த்து வாங்கும் கொள்முதல் அன்று இது.

எனினும், அரசு வாங்குவதற்கு விதி வேண்டும். பள்ளிக்கு நாற்காலி வாங்கவும் மூன்று கடைகளின் விலைப்புள்ளியை ஒப்பிட்டே கையொப்பமிட்டவன் நான். சலிப்பூட்டும் வேலைதான்; ஆயின், பொதுப்பணத்திற்கு அதுவே காவல். தமிழகம் 1998-இலேயே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை இயற்றியது. நடுவணரசின் நிலை வேறு. 2012-இல் மக்களவையில் கொணர்ந்த கொள்முதல் மசோதா, 2014-இல் அவை கலைந்ததோடு காலாவதியாயிற்று. அதன்பின்னும் பொது நிதி விதிகளைக் கொண்டே தில்லி பொருள் வாங்கி வருகிறது.

இங்கேதான் உலகம் குறுக்கிடுகிறது. உலக வணிக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், பட்டியலிட்ட கொள்முதல்களில் ஒன்றின் நிறுவனங்களை மற்றொன்று தன்னவர்போலவே நடத்தவேண்டும். இந்தியா 2010 முதல் அதில் பார்வையாளராக மட்டும் அமர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ 2014-இல் புதிய கொள்முதல் நெறிகளை வகுத்து, 2016 ஏப்ரலுக்குள் உறுப்பு நாடுகள் தத்தம் சட்டங்களைத் திருத்தவேண்டுமென்றது. பல நாடுகள் அக்கெடுவைத் தவறவிட்டன. பழுத்த சட்ட மரபுள்ள நாடுகளுக்கே அத்துணை இடர்ப்பாடு!

நாம் 2022-இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடும், 2025-இல் பிரிட்டனோடும் கையொப்பமிட்ட வணிக உடன்படிக்கைகளில் அரசுக் கொள்முதலுக்குத் தனி அத்தியாயமே உண்டு. கையொப்பம் தில்லியினுடையது, நெசவாளியிடம் வாங்குவது மாநிலம். அரசமைப்பின் 253-ஆம் பிரிவு, அயல்நாட்டு உடன்படிக்கையை நிறைவேற்ற நாடு முழுமைக்கும் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திற்கு அளிக்கிறது. மாநிலப் பட்டியலிலுள்ள பொருளும் அதற்கு விலக்கன்று. ஆதலால், எதிர்கால உடன்படிக்கை ஒன்று மாநிலக் கொள்முதலையும் தொடுமாயின், கையொப்பத்திற்கு முன்பே மாநிலங்களைக் கேட்டாக வேண்டும் என்பது என் துணிபு. பின்னர்க் கேட்பதில் பயனில்லை.

கேட்டால் என்ன சொல்வது? கூட்டுறவு நெசவாளரிடம் வாங்குவதை விலக்குப் பட்டியலில் பெயர் சுட்டி எழுதச் சொல்லலாம். இது கூச்சப்படத்தக்க கோரிக்கையன்று. உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையில் சேர்ந்த அமெரிக்காவே, தன் சிறுதொழிலாளருக்கு ஒதுக்கிய கொள்முதலை அதன் வரம்பிற்கு வெளியே நிறுத்திக்கொண்டது. நம் பேச்சாளர்கள் மேசையில் அமரும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம்.